ஆறாவது அட்டை

டாக்டரை வெளிநாட்டிலிருந்து வாங்கினார்களாம். போலீஸ்காரரும் தீயணைப்புக்காரரும்கூட அப்படித்தான், கம்ப்யூட்டரில் ரெடிமேட் பொம்மைகளாகக் கிடைக்கிறார்களாம். தெரு பெருக்குகிறவள் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்த ஒருத்தியும் பெரிய வண்டியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவளாம். மட்டாஞ்சேரிக்கு அது சரிப்படாது என்று என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரைப் பெருக்குகிறேன். குப்பை கிடக்கிறது என்று சண்டை போடுவதற்குத் தவிர ஒருத்தரும் என்னைத் தேடி வந்ததில்லை. அதனால் பல்லை இளித்துக்கொண்டு போனேன்.

என் பெயர் காளியம்மை. கொச்சங்காடி ரோடும் அதன் குடோன் சந்துகளும் என் வேலை இடம். விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கினால் பதினொன்றுக்கு முடியும். என் வீட்டுக்காரர் அய்யாசாமி கால்வாய் செக்‌ஷனில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள் ரஜிதா, பதினொரு வயது. ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

அவளை அங்கே சேர்த்தபோது, பெற்றோர் தொழில் என்ற இடத்தில் அய்யாசாமி 'கார்ப்பரேஷன்' என்று மட்டும் எழுதினார். பொய்யில்லை. மேயருக்கும் கார்ப்பரேஷன்தான். பெற்றோர் கூட்டத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் போவார். நான் போவதில்லை. எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்ததில்லை, அது பாட்டுக்கு அப்படி நடந்துவந்தது. அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. ரஜிதாவுக்கு அது சௌகரியமாக இருந்தது. எனக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

என்னைத் தேடி வந்தவர் பெயர் சங்கர்ராம். பாலக்காட்டுக்காரர், அவர்கள் வீட்டுத் தமிழ் பேசுவார். பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் செய்து கொடுக்கிற கம்பெனியில் இந்தப் பாடத்துக்கு அவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். ஹெல்த் ஆபீஸில் கேட்டு, என்னை அனுப்பச் சொல்லி, கொச்சங்காடியிலேயே ஒரு பழைய மிளகு குடோனில் படம் எடுக்கப் பச்சைத் துணி கட்டி வைத்திருந்தார். என் யூனிஃபாரத்தின் மேலே தோள், முழங்கை, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டைகளை ஒட்டினார்கள்.

"நீங்கோ தினம் எப்படிப் பண்றேளோ அப்படியே பண்ணுங்கோ. ஒண்ணும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்" என்றார்.

அப்படியே செய்தேன். அங்கேதான் தப்பு.

எங்கள் லைனில் பெருக்கப் போகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம். காலையில் முதல் வீச்சுக்கு முன்னால் விளக்குமாற்றைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வோம். பிறகு குனிந்து, அதைப் பார்த்து ஒரு கும்பிடு. டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுகிறாரே, அதேதான். சோறு போடுகிற சாமானுக்கு மரியாதை, அவ்வளவுதான். அன்றைக்கும் குடோனில் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று தொட்டேன், ஒற்றினேன், குனிந்து கும்பிட்டேன். அப்புறம் பெருக்கினேன். சங்கர்ராம் கைதட்டினார். "அந்தக் கும்பிடு ரொம்ப நன்னா இருக்கு, அதை வச்சுக்கறோம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் உருண்டைகளைப் பிய்த்து எடுக்கும்போதுதான் சொன்னார், முகம் என்னுடையதாக இருக்காது, வேறு முகம் வைப்பார்கள் என்று. உடம்பின் அசைவை மட்டும்தான் எடுத்திருக்கிறார்களாம். எனக்குச் சப்பென்று போனது. பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ரஜிதாவிடம் இதைச் சொல்லவில்லை. என்றைக்காவது தெரிந்து அதிசயப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் அவள் பள்ளிக்கூடத்துக்கே டேப்லெட் வந்து இறங்கியது. பெஞ்சுக்கு ஒன்று. அதனோடு கட்டுக்கட்டாக அட்டைகள். வெறும் அட்டையில் கோலம் போல ஏதோ அச்சடித்திருக்கும். டேப்லெட்டை அதன்மேல் பிடித்தால், கண்ணாடிக்குள் அந்த அட்டையின் மேல் ஒரு இதயம் எழுந்து நின்று துடிக்கும். மேசை அதே மேசை, அட்டை அதே அட்டை, பக்கத்தில் கிடக்கிற பென்சில்கூடத் தெரியும். நடுவில் இதயம். சுற்றி நடந்து பின்பக்கம் பார்க்கலாம். தொட்டால் பிளந்து உள்ளே காட்டும்.

நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ரஜிதா சயின்ஸில் மக்கு என்று டீச்சரே எழுதி அனுப்பியவள். அந்த ஜூன் மாதத்தில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோற்றை நாலாகப் பிரித்து, இது மேல் அறை, இது கீழ் அறை, கெட்ட ரத்தம் இந்த வழி வருது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். அய்யாசாமி கால்வாய் அடைப்பை வைத்து அதைப் புரிந்துகொண்டு ஒரு சந்தேகம் கேட்டார், அவள் அதற்கும் பதில் சொன்னாள். காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் போவேன் என்று அழுதாள். அந்தக் கண்ணாடிக்குள் பார்த்ததிலிருந்து என் பெண்ணுக்குப் படிப்பு ருசித்துவிட்டது. இதை யார் மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்டில் பேச்சு நின்றது. காலையில் வயிற்றுவலி என்று சோற்றை ஒதுக்கினாள். மறுநாள் தலைவலி. மூன்றாம் நாள் வேலை முடித்து வந்து பார்த்தால் பள்ளிக்கூடம் போகாமல், ஸ்கூல் பையைக்கூடத் திறக்காமல் பாயில் கிடந்தாள். என்னடி என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். நான் விடவில்லை.

"நீ எங்கேயாவது போயி ஃபோட்டோ எடுத்தியா அம்மா?"

"ஏன்?"

"ஒரு பொம்மை வந்திருக்கு. முகம் உன் முகமில்ல. ஆனா உன்ன மாதிரியே இடது காலை இழுத்து நடக்குது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் வந்த ஒருவன் இடித்துவிட்டுப் போனதிலிருந்து நான் அப்படித்தான் நடப்பேன். முகத்தை மாற்றினார்கள், காலை மாற்றவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கண்டுபிடித்துவிட்டாளே என்று சிரிக்கக்கூடச் சிரித்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

'நம் நகரத்தைக் காப்பவர்கள்' என்று பாடம். ஆறு அட்டை. டாக்டர் அட்டையில் டேப்லெட்டைப் பிடித்துத் தட்டினால் டாக்டர் கையை ஆட்டுவார். போலீஸ் சல்யூட் அடிப்பார். தீயணைப்புக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். மீன் பிடிக்கிறவர் வலை வீசுவார், வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் பெட்டியைத் தூக்குவார். ஆறாவது அட்டையில் தட்டினால், ஒரு சாண் உயரத்தில் ஒருத்தி எழுந்து நின்று, தட்டின பிள்ளையைப் பார்த்துக் குனிந்து கும்பிடுவாள். அப்புறம் பெருக்குவாள்.

அவள் கும்பிடும்போது விளக்குமாறு சுருங்கி ஓரமாகத் தெரியுமாம். முகம் மட்டும் பிள்ளையைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். யார் பார்த்தாலும் பிள்ளைக்குக் கும்பிடு போடுகிறாள் என்றுதான் தோன்றுமாம்.

"எல்லாருக்கும் ஆறாவது அட்டைதான் வேணும்" என்றாள் ரஜிதா. "பெல் அடிக்கறதுக்குள்ள யாரு ஜாஸ்தி கும்பிட வைக்கறாங்கன்னு போட்டி. நிகில் நாற்பது தடவை தட்டினான்."

நான் அவள் பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"நானும் தட்டினேன் அம்மா. தட்டலேன்னா ஏன்னு கேப்பாங்க."

அப்புறம் அழுதாள். அவள் பெஞ்சில் உட்காரும் ஸாதனாவின் அப்பாவுக்குக் கொச்சங்காடியில் இஞ்சி குடோன். ஸாதனா அந்தப் பொம்மையைப் பார்த்து, பப்பாவின் குடோன் பக்கம் இதே மாதிரி காலை இழுத்து நடக்கிற ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னாளாம். ரஜிதாவுக்குச் சோறு இறங்காததன் காரணம் அதுதான்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. மறுநாள் பதினொன்றுக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் உடை மாற்றக்கூட நினைக்காமல், அந்தப் பச்சை யூனிஃபாரம் கோட்டோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். நல்லவேளை, பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கமலாக்ஷி டீச்சர் அறையில் இருந்தார். டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த சங்கர்ராமும் அங்கேயே சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"சாரே, நான் கும்பிட்டது விளக்குமாத்த. உங்க கண்ணாடிக்குள்ள வர்றவங்கள இல்ல" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. அந்த மட்டும் மூளை உண்டு. "எனக்குத் தெரியும்மா. ஆறு பேரும் டேப்லெட்டைப் பிடிக்கறவாளைப் பார்க்கற மாதிரிதான் செட் பண்ணிருக்கு. அதனால உங்க கும்பிடு அப்படி விழுந்துடுத்து. ஆனா பாருங்கோ, அதுக்குத்தான் ரொம்ப நல்ல அபிப்ராயம் வந்திருக்கு. பணிவைக் கத்துத் தரதுன்னு டீச்சர்ஸ் எல்லாம் எழுதிருக்கா."

"அப்ப டாக்டரையும் கும்பிட வையுங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு நான் சிரிக்கவில்லை என்று கவனித்துச் சாயாவைப் பார்த்துக்கொண்டார்.

"யார் பணிவை யாருக்குக் கத்துத் தர்றீங்க? நாற்பது தடவை தட்டுறான் ஒருத்தன். என் மகளும் தட்ட வேண்டி வருது. ஆறு பி-யில இருக்கா, ரஜிதா. அவளே அவ அம்மாவக் கும்பிட வைக்கறா, தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. கமலாக்ஷி டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நம்ம ரஜிதாவோட அம்மாவா நீங்க? இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்று மலையாளத்தில் கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருக்கிவிட்டு வந்த கையை, கழுவாத கையை. வரும் வெள்ளிக்கிழமை இந்த டேப்லெட் திட்டத்துக்கு ஒரு விழா, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், உங்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறேன் என்றார். பிள்ளைகளுக்கு உழைப்பின் மதிப்பு நேரில் தெரிய வேண்டும் என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"மகள் விஷயம் வேண்டாம் டீச்சர். வகுப்புல யாருக்கும் தெரியாது."

"அதுல என்ன நாணக்கேடு? அவளுக்கு அபிமானமா இருக்கணும்."

இவ்வளவு நல்லவரிடம் எப்படிச் சொல்வது? மதியச் சாப்பாட்டுக்கு மணியடித்து, பக்கத்தில் ஒருத்தரும் உட்காராதபோது, அபிமானம் என்கிற பெருமையை வைத்து என்ன செய்வாள் பதினொரு வயதுப் பெண்? சங்கர்ராம் வாசல்வரை கூட வந்தார். "நீங்கோ மேடைக்கு வாங்கோ. அன்னிக்குப் புது வெர்ஷன் போட்டுடறேன். கும்பிடு இருக்காது. என் வாக்கு" என்றார். நான் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வந்தா மேலிடத்துல பேசறதுக்கு எனக்குச் சௌகரியம்" என்றார். கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள், பிடி கொடுக்காமல்.

வீட்டில் அன்று சாயங்காலம் ரஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயைத் திறந்து அவள் பேரைச் சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வெளுத்துப் போனாள், அவ்வளவுதான்.

"நீ போவாத அம்மா."

"போனா அந்தக் கும்பிடை எடுத்துடுவாங்கடி."

"கும்பிட்டா கும்பிடட்டும். யாருன்னு தெரியாத வரைக்கும் அது பொம்மைதான."

அய்யாசாமி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போவதா வேண்டாமா என்று அவரைக் கேட்டேன். "அவ சொல்றதுலயும் காரியம் இருக்கு, நீ சொல்றதுலயும் இருக்கு" என்றார். இந்த மனுஷனிடம் கேட்டதற்குச் சுவரிடம் கேட்டிருக்கலாம்.

நான் போகத்தான் முடிவு செய்தேன். ஒரு சாண் உயரத்தில் என்னை நிற்க வைத்து, எத்தனையோ பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது நிற்க வேண்டும். டீச்சரிடம் போனில் இன்னொரு முறை சொன்னேன், மகள் பேரைச் சொல்ல வேண்டாம் என்று. "சொல்லலை, சொல்லலை" என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. கல்யாணத்துக்குக் கட்டின பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஹாலில் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பி மூன்றாவது வரிசை. ரஜிதா முதுகை வளைத்து, முன்னால் இருக்கிறவளின் பின்னால் முகத்தை ஒளித்திருந்தாள். என்னை ஏற்றி மேடையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பின்னால் பெரிய திரை.

சிறப்பு விருந்தினர் டேப்லெட்டை வாங்கி ஒவ்வோர் அட்டையாகத் தட்டினார். திரையில் டாக்டர் கையை ஆட்டினார், போலீஸ் சல்யூட் அடித்தார். பிள்ளைகள் ஆறாவதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆறாவது அட்டையில் அவள் எழுந்து நின்றாள். அப்போதுதான் நான் அவளை முதல்முறையாகப் பார்க்கிறேன். இருபத்தைந்து வயது முகம், வெள்ளைவெளேரென்று. கீழே என் கால், என் இடுப்பு, என் கை. அவர் தட்டினார். அவள் நேராகப் பெருக்க ஆரம்பித்தாள். சங்கர்ராம் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது. "கும்பிடலையே" என்று ஒரு பையன் சொன்னான். இன்னொருவன் சொன்னான். பிறகு பின் வரிசை வரை அதுதான் பேச்சு. விருந்தினர் ஒன்றும் புரியாமல் மறுபடி மறுபடி தட்டினார். அவள் பெருக்கிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் முகத்தில், வாங்கின மிட்டாயைப் பிடுங்கிவிட்டது போல ஓர் ஏமாற்றம்.

சமாளிக்க வேண்டி கமலாக்ஷி டீச்சர் அவசரமாக மைக்கைப் பிடித்தார். இந்த உருவத்துக்கு உயிர் கொடுத்தவர் இதோ நம் முன்னால் என்று சொல்லி என்னை எழுப்பினார். நான் நடு மேடைக்கு நடந்தேன். விருந்தினர் பொன்னாடையை விரித்தார். அவர் குட்டை, நான் உயரம். போர்த்துவதற்கு வசதியாக நான் குனிந்தேன். கை தானாகக் கூடிவிட்டது. பெரியவர் ஒருவர் எதிரே நின்று மரியாதை செய்தால் நம் கை வேறென்ன செய்யும்?

ஹால் முழுவதும் சிரிப்பும் கைதட்டலும் வெடித்தன. கேட்டது கிடைத்துவிட்டது அவர்களுக்கு. பெரியவர்களும் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சேர்ந்து தட்டினார்கள். பொன்னாடைக்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே இறங்கிப் போய்விட வேண்டும் போலிருந்தது, அதற்குள் டீச்சர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

"இன்னொரு சந்தோஷமான விஷயம். இவரோட மகள் நம்ம ஸ்கூல்லதான் படிக்கறா. இங்கேதான் இருக்கா. பேரை நான் சொல்லலை, அவளே அபிமானத்தோட எழுந்து வரட்டும். வா மோளே, வந்து அம்மாவைக் கட்டிப் பிடி."

பேரைச் சொல்ல மாட்டேன் என்ற வாக்கை அவரும் காப்பாற்றிவிட்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு பி-யில் ஸாதனா என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மெதுவாகப் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது ரஜிதா தலையைத் தூக்கினாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. எழுந்துவிடுவாளோ என்று ஒரு கணம் எனக்கு ஆசையாக இருந்தது. அதுவும் உண்மை. அவள் கை தரையில் ஊன்றியிருந்தது, எழுவதற்கா சாய்வதற்கா என்று தெரியவில்லை.

நான் டீச்சர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"டீச்சருக்கு ஆள் மாறிப் போச்சு" என்றேன் மலையாளத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் மகள் இங்க இல்ல. பள்ளுருத்தி ஸ்கூல்ல படிக்கறா. இங்க எனக்கு யாருமில்ல."

கமலாக்ஷி டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஓ, மன்னிக்கணும், எனக்குத்தான் தெற்றிப் போச்சு" என்று சொல்லி, அடுத்ததாகப் பிள்ளைகளின் பாட்டு என்று அறிவித்தார். ஸாதனா மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரஜிதா தரையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். பாட்டு ஆரம்பித்ததும் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் பாடினாள்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கால் கழுவி, யூனிஃபாரத்தை மாற்றி, பாயில் உட்கார்ந்தாள். நான் சாயாவும் அவித்த கப்பைக் கிழங்கும் எடுத்து வைத்தேன். கப்பையைப் பிட்டுப் பிட்டுத் தின்றாள். பல நாளைக்கு அப்புறம் பசித்துத் தின்றாள். சாயாவைக் குடித்து முடித்த பிறகு, தம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"தேங்க்ஸ் அம்மா."

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் தேங்க்ஸ் சொல்வதில்லை. பஸ்ஸில் இடம் கொடுத்தவரிடமும் கடையில் பாக்கிச் சில்லறை தந்தவரிடமும் சொல்கிற வார்த்தை அது. அவள் பதிலுக்குக் காத்திருப்பது போலிருந்தது. பஸ்ஸில் அந்த மாதிரி யாராவது சொன்னால் என்ன திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதையும் அவள்தான் எனக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"வெல்கம்" என்றேன்.